கேட்காமல் பரிமாறியவர்

“நீ கேக்கமாட்டேம்மா. உன் மூஞ்சியிலேயே எழுதியிருக்கு.”

கண் டாக்டர் இதைச் சொன்னபோது நான் தண்ணீர்ச் சொம்போடு அவர் இலைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். அவர் தெலுங்குக்காரர், எங்களிடம் பேசும்போது மட்டும் தமிழை நிதானமாக எடுத்துவைப்பார். பேச்சு சமையல்கார மாமாவைப் பற்றித்தான் தொடங்கியது. எப்படியோ சுற்றி என்மேல் வந்து விழுந்தது. நான் அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டேன். அவர் சொன்னது உண்மை. அதனால்தான் அன்று இரவு முழுக்க அந்த மாமாமேல் எனக்குக் கோபமாக இருந்தது.

மாமா என்றாலும் உறவு கிடையாது. சித்தூரில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எல்லாவற்றுக்கும் சமைத்தவர். என் அம்மா அவரிடம் காய் நறுக்கினாள். அவள் ‘அண்ணா’ என்பதால் எனக்கு மாமா. கட்டையான ஆள், முன்வழுக்கை, தோளில் எப்போதும் ஈரமான சிவப்புத் துண்டு. கொதிக்கும் அண்டாவைத் தனியாளாக இறக்குவார். பக்கத்தில் நாலு பேர் சும்மா நின்றாலும் “ஒரு கை புடி” என்று கேட்கமாட்டார்.

கேட்கமாட்டார் என்பதுதான் அவர். மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

பந்தியில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். “சாம்பார் போடட்டுமா”, “ரசம் வேணுமா” என்ற பேச்சே அவர் வரிசையில் கேட்காது. புதிதாகச் சேர்ந்த ஆள் யாராவது கேட்டுவிட்டால் வாளியைப் பிடுங்கிக்கொள்வார்.

“இலையைப் பாருடா, வாயைப் பாக்காத. வேணும்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு எத்தினி பேரு பாதி வயித்தோட எழுந்து போறான் தெரியுமா? கேட்டுப் போட்டா அது சோறே இல்ல.”

சாதத்தின் நடுவில் குழி வைத்தவருக்கு ரசம். கையைக் காற்றில் நிறுத்திக்கொண்டு அக்கம்பக்கம் பார்ப்பவருக்கு அப்பளம். விரல் நுனியைச் சப்பியவருக்கு இன்னொரு கரண்டி வற்றல்குழம்பு. பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும். பத்தாவது தடவை புத்தலப்பட்டில் ஒரு கல்யாணத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குச் சர்க்கரை வியாதி. மரியாதைக்காக, மருந்து குடிப்பதுபோல ஒரே மூச்சில் பாயசத்தை முடித்தார். நம்மவர் அந்த வேகத்தைப் பார்த்து இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார். சம்பந்தி வீட்டில் மறுக்கக் கூடாது என்று அவரும் குடித்தார். மத்தியானம் மண்டபத்து மாடியில் அவருக்கு முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு வார்த்த கேட்டிருந்தா போச்சு அண்ணா” என்றாள் அம்மா.

“இலையில பாயசம் காலியா இருந்துச்சு” என்றார் அவர்.

நான் திருப்பதிக்கு டிகிரி படிக்கப் போனபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். நைனா மாங்காய் மண்டியில் மூட்டை ஏற்றினார். அம்மாவுக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியாது. எனவே எனக்குத் தெரியாதது என்று ஒன்று இருப்பதை யாருக்கும் காட்டக் கூடாது என்பது என் கொள்கை. கேட்டால், தெரியாது என்பது தெரிந்துவிடும். ஹாஸ்டலில் சாப்பாட்டுக் கூடம் எங்கே என்று கேட்காமல் இரண்டு நாள் பிஸ்கட்டில் ஓட்டினேன். மூன்றாம் நாள் ஏதோ வாங்க வெளியே வந்தால் வாசல் மரத்தடியில் மாமா. கையில் புளியோதரைத் தூக்கு. வந்து இரண்டு மணிநேரமாம்.

“வாட்ச்மேன்கிட்ட சொல்லியிருந்தா கூப்புட்டிருப்பாரே மாமா?”

“அந்தாளு கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். கேக்கல.”

தூக்கை வாங்கிய என் கையைப் பார்த்தார். “துன்னலியா நீ?” என்றுகூட இல்லை. “துன்னலை நீ” என்றார். அங்கேயே உட்கார்ந்து அள்ளி அள்ளித் தின்றேன். உள்ளே இருந்துகொண்டு கேட்காத ஒருத்தி, வெளியே நின்றுகொண்டு கேட்காத ஒருவர். வாட்ச்மேன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “மெஸ் பின்பக்கம் இருக்கும்மா” என்று தானாகச் சொன்னார்.

சிரிக்க முடியாத கதையும் ஒன்று இருக்கிறது. அவர் மனைவியின் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நடக்கவிருந்த ஒரு பெரிய கல்யாணச் சமையலை ஒப்புக்கொண்டுவிட்டார். அத்தை தனியாகச் சத்தியவேட்டுக்குப் போனாள், தாய் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவர் வந்து கூப்பிடுவார் என்று அவள் இருந்தாள். அவளாக வருவாள் என்று இவர் இருந்தார்.

“அவ வூடு இது. வர்றதுன்னா வருவா. வா வான்னு கூப்புட அவ இன்னா விருந்தாளியா?” என்று அம்மாவிடம் சொன்னாராம். இந்த நியாயத்தோடே பதினோரு வருடம் போயிற்று. பிள்ளைகள் இல்லை.

இனி பங்களா. ஆபீஸ்கள் இருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். ஊரில் ‘தலைவெட்டி பங்களா’ என்பார்கள். சின்ன வயதில் அந்தப் பக்கம் ஓடித்தான் கடப்போம். உள்ளே நடப்பது வெள்ளைக்காரன் காலத்துச் சகோதர சங்கம். லாட்ஜ் என்றுதான் அதற்குப் பெயர், ஆனால் தங்கும் அறை எதுவும் கிடையாது. மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர், வக்கீல், சிமெண்ட் கடைக்காரர், வாட்ச் ரிப்பேர்காரர் என்று முப்பது பேர் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக ஒரு அறைக்குள் போவார்கள். கதவு சாத்தப்படும். வெளியே ஒரு கிழவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், உருவிய வாளோடு நாற்காலியில் உட்காருவார். தலைவெட்டிப் பேச்சு முழுக்க அந்த வாளில் பிறந்தது. ஒன்றரை மணிநேரம் கழித்து வெளியே வந்து சாப்பிடுவார்கள். அந்தச் சாப்பாடுதான் மாமாவின் வேலை. பதினாறு வருடம். அவர் அடுப்பு அந்தக் கதவுக்கு நேர் எதிரே இருந்தது.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்குப் பிடித்தது சாப்பாட்டுக் கூடம். அங்கே பெரிய ஆள் சின்ன ஆள் எல்லாரும் ஒருவருக்கொருவர் ‘பிரதர்’. ஒருநாள் வாட்ச் ரிப்பேர்காரருக்குக் காய்ச்சல், எழ முடியவில்லை. வக்கீல் எழுந்துபோய் அவருடைய எச்சில் இலையைத் தானே மடித்து எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவினார். மாமா அதை எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்.

“ஒருத்தன் இலையை ஒருத்தன் எடுக்கறான் பாப்பா. கூடப் பொறந்தவன்கூட எடுக்கமாட்டான்.”

அவர் வீட்டு பீரோவைத் துடைக்கப் போன அம்மா, பாச்சை உருண்டை வாசனையோடு ஒரு கறுப்புக் கோட்டைக் கண்டுபிடித்தாள். பக்கத்தில் காகிதம் பிரிக்காத வெள்ளைக் கையுறை. பங்களாவுக்குச் சமைக்கத் தொடங்கிய இரண்டாம் வருடமே தைத்து வைத்திருக்கிறார். யாராவது ஒருநாள் “நீயும் வாய்யா” என்பார்கள் என்று. யாரும் சொல்லவில்லை. நாம் கரண்டி பிடிக்கிறவன், நம்மை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, பீரோவைச் சாத்திவிட்டார்.

நான் கடைசி வருடம் படிக்கும்போது, விடுமுறையில் வந்த ஒரு முதல் சனிக்கிழமை, பரிமாற இரண்டு ஆள் வரவில்லை. தண்ணீர் ஊற்ற நான் போனேன். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்த கண் டாக்டர், பக்கத்திலிருந்தவரிடம் மாமாவைக் காட்டித் தெலுங்கில் சொன்னார்: “ஈயன ஒக்கசாரி அடிகித்தே சாலு.” இவர் ஒருமுறை கேட்டால் போதுமே என்கிறார். நான் நின்றுவிட்டேன்.

“இன்னாத்தக் கேட்டா, டாக்டர் சார்?”

“உள்ள சேரணும்னு.”

“நீங்க கூப்புடறதுதானே?”

“கூப்பிடக் கூடாதும்மா. எங்க ரூல் அது. யாரையும் வா வான்னு இழுக்கமாட்டோம். தன் இஷ்டத்துல, தன் வாயால கேக்கறவனுக்குத்தான் அந்தக் கதவு. எத்தனை வருஷமா பாத்துக்கிட்டிருக்கோம். அவருக்கு விருப்பம் இல்ல போலன்னு விட்டுட்டோம்.”

எனக்கு அந்தக் கறுப்புக் கோட்டு நினைவுக்கு வந்தது. கேட்காமல் கொடுப்பதுதான் மரியாதை என்று ஒருவர் அடுப்படியில். கேட்டவனுக்குக் கொடுப்பதுதான் மரியாதை என்று முப்பது பேர் கதவுக்குப் பின்னால். நடுவில் பதினாறு வருட ரசம். ஆத்திரம் பொங்கியது. “அப்போ நான் கேட்டா சேத்துக்குவீங்களா?” என்றேன்.

“இங்க ஆம்பளைங்க மட்டும்தான். சென்னையில பொம்பளைங்களுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு.” தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். சிரித்தார். அப்புறம்தான் முதல் வரியில் நான் எழுதியதைச் சொன்னார்.

பாத்திரம் கழுவும்போது மாமாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அவர் தேய்த்துக்கொண்டிருந்த அண்டாவை விட்டு நிமிரவில்லை.

“பதினாறு வருஷமா என் கையால துன்றாங்க. அவங்களுக்குத் தோணல. நான் போய்க் கேக்கறதா?”

“அவங்க கேக்கக் கூடாதாம் மாமா.”

“நானும் கேக்கக் கூடாது.”

“உனுக்கு யாரு ரூல் போட்டா?”

அண்டாவைக் கவிழ்த்துவைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். ஆனால் அடுத்த வாரம் அம்மா வந்து, “அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லியோ?” என்று கவலைப்பட்டாள். சாம்பார் இறக்கும்போது அவளைப் பார்த்து, “உப்பு சரியாக் கீதா?” என்று கேட்டாராம். மறுநாள் பால்காரரிடம், “நல்லாக் கீறியா?” என்றாராம். பால்காரர் சைக்கிளைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மூன்று வாரம் இப்படி. அவர் பழகிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மட்டும்தான் புரிந்தது.

அடுத்த முதல் சனிக்கிழமை, நானும் இருந்தேன். வாளியை எடுத்துக்கொண்டு வரிசையின் முதல் இலைக்குப் போய், “சாம்பார் வேணுங்களா?” என்றார். வக்கீலின் கை அப்படியே நின்றது. அடுத்த இலை. “சாம்பார் வேணுங்களா?” இருபத்தொன்பது இலையிலும் கேட்டார். கூடத்தில் பேச்சு அடங்கிவிட்டது. கடைசி இலையில் இருந்தவர் சங்கத்தின் தலைவர். அவரிடம் சாம்பார் வேணுமா என்று கேட்கவில்லை. வாளியைக் கீழே வைத்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

“நானும் உள்ள வரலாமுங்களா?”

முப்பது பேரும் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். சாப்பாட்டின் நடுவில் யாராவது எழுந்தால் கத்துகிற மாமா, அன்று ஒன்றும் சொல்லவில்லை.

விண்ணப்பத்தை நான்தான் ஆங்கிலத்தில் பூர்த்தி செய்தேன். முன்மொழிய இருவர் வேண்டும்; தான் செய்யலாமா என்று பன்னிரண்டு பேர் கேட்டார்கள். அதற்கப்புறம்தான் டாக்டர் மெதுவாக ஒன்றைச் சொன்னார். மூன்று பேர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். மனைவி இருந்தால் அவரிடம் சம்மதமா என்று நேரில் கேட்பார்கள். அது இல்லாமல் காரியம் நகராது.

மாமா இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் எங்கள் வாசலில் நின்றார். “பாப்பா, சத்தியவேட்டுக்குத் துணைக்கு வரியா?” அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது.

இரண்டு பஸ் மாறிப் போனோம். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். அத்தை பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஷிப்ட் முடிந்து, நீலச் சட்டைகூட மாற்றாமல் குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். குழாயை மூடவில்லை. நான் பேச வாயெடுத்தேன்.

“நீ பேசாத பாப்பா. வந்தவரு பேசட்டும்.”

“ஒரு சங்கத்துல சேரணும்” என்றார் மாமா. “வூட்டுல சம்மதமான்னு கேப்பாங்க.”

“எந்தச் சங்கம்?”

“பங்களா. லாட்ஜு.”

“லாட்ஜுக்குப் போறதுக்குப் பொண்டாட்டிகிட்ட சம்மதம் கேக்கற ஆம்பளைய இப்பத்தான் பாக்கறேன்.”

குழாயடியில் இருந்த மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“உனுக்கு சம்மதமா?”

குடம் நிறைந்து வழிந்தது. அத்தை அதை எடுக்கவில்லை. “பதினோரு வருஷமா தெருமொனையில பஸ்ஸு நிக்கற சத்தம் கேட்டா எட்டிப் பாக்கறேன். வந்துட்டே. வந்து கேக்கறது இத.”

“சம்மதமா, இல்லியா?”

“சம்மதம். வந்து சொல்றேன். சொல்லிட்டு சாயங்கால பஸ்ஸுல திரும்பிடுவேன். அதையும் இப்பவே தெரிஞ்சுக்கோ.”

சொன்னபடியே வந்தாள். டாக்டரும் இன்னும் இருவரும் மாமா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மிகுந்த மரியாதையோடு, சம்மதமா என்று கேட்டார்கள். “சம்மதம்தான் சார். ஒண்ணே ஒண்ணு. உள்ள சேத்துக்கினப்பறம் இவரு வாயை மூட வுட்டுடாதீங்க” என்றாள். காபியை அவளே போட்டாள். சமையலறையில் எல்லா டப்பாவும் பழைய இடத்திலேயே இருந்ததாம். அம்மாவிடம் அதை மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

ஓட்டெடுப்பு இரகசியம். ஒரு பெட்டி, வெள்ளை உருண்டை என்றால் சரி, கறுப்பு என்றால் மறுப்பு. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் போயிற்று. அது நடக்கும் அன்றும் அவர்களுக்குச் சமைப்பது இவரேதான். மூடிய கதவுக்கு எதிரே நின்று குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். “உப்பு போட்டேனா?” என்று அம்மாவிடம் மூன்று தடவை கேட்டார். நான் வாள் வைத்திருந்த கிழவரின் முகத்தையே பார்த்தேன். அவருக்கும் உள்ளே நடப்பது தெரியாது. பதினாறு வருடத்தில் மாமா அத்தனை பேருக்கும் கேட்காமல் எதையாவது ஊற்றியிருக்கிறார். யாராவது ஒருவருக்கு மனசில் புளித்திருந்தால்? கதவு திறந்தது. டாக்டர் முதலில் வந்தார். “அன்னீ தெல்லவே” என்றார். எல்லாமே வெள்ளை.

மாமா அடுப்பை அணைத்தார். குழம்பு இன்னும் கொதிக்கவே இல்லை என்று அம்மா மறுபடி பற்றவைத்தாள்.

சேர்த்துக்கொண்ட அன்று, உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். மோதிரம், வெள்ளி அரைஞாண், சட்டையில் குத்தியிருந்த ஊக்குவரை கழற்றி அம்மாவின் முந்தானையில் முடிந்துவிட்டுப் போனார். கோட்டின் பொத்தானை அம்மா நகர்த்தித் தைத்திருந்தாள். இருந்தும் வயிற்றில் பிடித்தது. கதவுக்குப் பின்னால் ஒரு மணிநேரம். வெளியே வந்தவரின் கண் சிவந்திருந்தது.

“உள்ள இன்னா நடந்துச்சு மாமா?”

“கேக்காத பாப்பா.” இதைச் சொல்வதில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம்!

அன்று அவர் இலையில் உட்கார்ந்தார். அம்மா பரிமாறினாள். கேட்காமல் பரிமாற அவளைப் பழக்கியவர் அவர்தான்; ஆனாலும் அவர் முன்னால் வந்து குனிந்து, “அண்ணா, சாதம் போடட்டுமா?” என்று கேட்டாள். அவர் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். “போடும்மா” என்றார். சாப்பிட்டு முடித்ததும் அவர் எழுவதற்குள் வக்கீல் வந்து அவர் இலையை மடித்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தியவேட்டுக்கு பஸ் ஏறத் தொடங்கினார். “வரியா?” என்பாராம். “அடுத்த வாரம் கேளு” என்பாளாம் அத்தை. அவளுக்கு வேலை இருந்தது, சம்பளம் இருந்தது. தவிர, கேட்கப்படுவது பிடித்துவிட்டது என்பது அம்மாவின் கணிப்பு. ஏழெட்டு மாதம் இப்படி நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கேள்வியை மாற்றினார். “நான் இங்க வரட்டுமா?” என்றார். அத்தை அடுத்த வாரம் வரை காத்திருக்கச் சொல்லவில்லை.

சித்தூர் அடுப்பை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்கும் முதலில், “நீ பாத்துக்குவியா?” என்று அவளைக் கேட்டார். முதல் சனிக்கிழமைகளில் இப்போது பஸ்ஸில் வந்து, சாப்பிட்டுவிட்டுப் போகிற விருந்தாளி அவர். நான் மாம்பழக்கூழ் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், ஷிப்ட் மாறி மாறி வந்ததில் அவரைப் பார்த்தே நான்கு வருடம் ஆகிறது. அவரிடம் எனக்கிருந்த கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. அந்தப் பதினாறு வருடமும் பதினோரு வருடமும் யாருடைய தப்பும் இல்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நல்லவர்களாகவே இருந்துகொண்டு, மரியாதையாகவே நடந்துகொண்டு, வாழ்க்கையின் பாதியை வாசலிலேயே கழித்துவிட முடியும்.

சென்னையில் இருக்கும் பெண்கள் சங்கத்தின் எண்ணை டாக்டரிடம் போன மாதம் கேட்டு வாங்கினேன். அவர் சிரிக்கவில்லை. போன் செய்தபோது எடுத்த அம்மையார், “யார் உங்களை அனுப்பினாங்க?” என்றார். “யாரும் அனுப்பலை. நானேதான் கேக்கறேன்” என்றேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். விண்ணப்பம் வந்தது. வீட்டார் சம்மதம் என்று அதிலும் ஓர் இடம் இருந்தது. நேற்று அம்மாவைக் கேட்டேன். “இதுக்கெல்லாம் என்னை இன்னாத்துக்குக் கேக்கற? நீ படிச்சவ” என்றாள். “கேக்கணும்மா” என்றேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலை நீட்டினாள்.

இன்று காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் சித்தூர் தலைமைத் தபால் நிலையத்தில் இறங்கினேன். நான்கு வரிசை நின்றது, பலகைகள் எல்லாம் மங்கிப் போயிருந்தன. பதிவுத் தபால் எந்த ஜன்னலில் என்று எனக்கு முன்னால் நின்றவரிடம் கேட்டு, அங்கே போய் நின்று, உறையை அனுப்பிவிட்டேன்.